கையில் கொடுத்த உப்பு

போன வாரம் நம் கடைக்குட்டியைப் பெண் கேட்டு வந்தவர்கள் நம் வீட்டில் சாப்பிட்டார்களே, அப்போது நடந்ததை நீங்கள் எல்லோரும் பார்த்தீர்கள். மாப்பிள்ளையின் அம்மா ரசத்துக்குக் கொஞ்சம் உப்பு கேட்டார். உங்கள் அம்மா ஜாடியில் இருந்து ஒரு சிட்டிகை எடுத்து நேராக அவர் கையில் வைக்கப் போனாள். அந்த அம்மாள் சூடு பட்டதுபோல் கையை இழுத்துக்கொண்டார். நீங்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தீர்கள். அவர்கள் போன பிறகு கேட்டீர்கள்: "ஏம்ப்பா, ஊர்ல யாருமே உப்பைக் கையில கொடுக்க மாட்டாங்க. நம்ம வீட்ல மட்டும் ஏன் இப்படி?"

"அது பெரிய கதை" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டேன். வாயால் சொல்ல வரவில்லை. அதனால் எழுதுகிறேன். நான் தோட்டத்துத் தமிழ்ப் பள்ளியில் ஆறாவது வரை படித்தவன். பிழை இருந்தால் திருத்திப் படித்துக்கொள்ளுங்கள்.

உப்பைக் கையில் கொடுத்தால் கொடுத்தவருக்கும் வாங்கியவருக்கும் சண்டை வரும் என்பது நம் ஆட்களின் பேச்சு. கொடுப்பவர் கீழே வைக்க வேண்டும், வாங்குபவர் எடுத்துக்கொள்ள வேண்டும். நானும் அப்படித்தான் வளர்ந்தேன். என் அம்மா என் கையில் ஒரு நாளும் உப்பு வைத்ததில்லை.

ஜப்பான்காரன் இந்த மலாய் நாட்டைப் பிடித்து இரண்டாவது வருஷம். நான் ரயில்வே பட்டறையில் தகர வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் ஓர் அறையும் சமைக்க ஒரு குசினியும் எங்களுக்கு. உங்கள் பெரியக்கா அப்போது எங்களுக்கு ஒரே பிள்ளை. இரண்டு வயது நிறையவில்லை. கூப்பனுக்குக் கிடைத்த அரிசி முதலில் சுண்ணாம்பும் கல்லுமாக வந்தது, பிறகு குறைந்தது, பிறகு அதுவும் நின்றது. காலையில் மரவள்ளிக்கிழங்கு, மத்தியானம் மரவள்ளிக்கிழங்கு, ராத்திரிக்கு அதன் மாவில் ஒரு ரொட்டி. பெரியவர்கள் எப்படியோ விழுங்கினோம். பிள்ளையின் வயிறு ஒத்துக்கொள்ளவில்லை. உள்ளே போனது அப்படியே வெளியே வந்தது.

பக்கத்து வரிசையில் ஓர் ஆஸ்பத்திரி டிரெசர் இருந்தார். அவர் வந்து பிள்ளையின் வயிற்றுத் தோலை இரண்டு விரலால் கிள்ளிப் பார்த்தார். கிள்ளிய தோல் மடிப்பாகவே நின்றது. பிள்ளை அழுதாள். வாய் திறந்திருந்தது, சத்தமும் வந்தது, கண்ணில் மட்டும் ஒரு சொட்டு நீர் இல்லை.

"மருந்து எதுவும் என்கிட்ட இல்லம்மா. இருந்தாலும் இதுக்கு மருந்து வேணாம். அரிசிக் கஞ்சி கொடுங்க. கிழங்கு இனிமே ஒரு வாய்கூட வேணாம்."

"அரிசி எங்க சார் இருக்கு?" என்று உங்கள் அம்மா கேட்டாள்.

அவர் செருப்பை மாட்டிக்கொண்டார். வாசலில் என்னை மட்டும் தனியாகப் பார்த்து, "சீக்கிரம் பாருங்க" என்றார்.

அவள் பிழைத்தாள் என்பது உங்களுக்குத் தெரியும். போன தீபாவளிக்குக்கூட என் பேரப்பிள்ளைகளோடு வந்து உங்களையெல்லாம் விரட்டி வேலை வாங்கினாள். ஆனால் அன்றைக்கு எனக்கு அது தெரியாது. இதைப் படிக்கும்போது அதை மட்டும் மனதில் வையுங்கள்.

கிள்ளானில் எனக்குத் தெரிந்த துணிக்கடை பாய் ஒருவர் இருந்தார். விற்கத் துணி இல்லாமல் கடையைப் பூட்டிவிட்டு, போர்ட் கிள்ளான் பக்கம் கடல் தண்ணீரைக் காய்ச்சி உப்பு எடுத்துக்கொண்டிருந்தார். அதற்கு அகலமான இரும்புத் தட்டு தேவைப்பட்டது. கழித்துப் போட்ட தகட்டில் நான்தான் ஓரம் மடக்கி அடித்துக் கொடுத்திருந்தேன். அந்தப் பழக்கத்தில் அன்று ராத்திரியே சரக்கு வண்டியில் தொற்றிக்கொண்டு அவரிடம் போனேன். விஷயத்தைச் சொன்னேன்.

"அரிசி என்கிட்ட ஏதுப்பா? நானே கிழங்கைத் தின்னு வயிறு வீங்கிக் கிடக்கேன்" என்றார். கொஞ்ச நேரம் தாடியைத் தடவினார். "ஆனா ஒண்ணு சொல்றேன், கேட்டுக்க. உலு லங்காட் மலைப் பக்கம் மலாய்க்காரக் கம்பத்து ஆளுங்க மலை நெல்லு போடுறாங்க. அவங்ககிட்ட நெல்லு இருக்கு, உப்பு இல்ல. கடலை விட்டு அம்புட்டு தூரம். உப்பைக் கண்டா விட மாட்டாங்க."

ஒரு பழைய பால் டின் நிறைய உப்பை அமுக்கி, மேலே துணி வைத்துக் கட்டி, என் முன்னால் மணலில் வைத்தார். அவரும் கையில் கொடுக்கவில்லை.

எனக்கு ஒரு நாள்தான் இருந்தது. வாரத்தில் ஒரு நாள் பட்டறையில் ஓய்வு. மறுநாள் காலை பெயர் கூப்பிடும்போது நான் நிற்க வேண்டும். வராதவனைத்தான் ஜப்பான்காரன் போடுகிற சயாம் ரயில் பாதைக்கு முதலில் லோரியில் ஏற்றுகிறார்கள் என்று பேச்சு. போனவர்கள் யாரும் திரும்பி வந்து நாங்கள் பார்க்கவில்லை.

விடியும்போது சைக்கிளில் கிளம்பினேன். உங்கள் அம்மா பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு வாசலில் நின்றாள். எங்கே, எந்த வழி என்று எதுவும் கேட்கவில்லை. கிளம்புகிறவனை அப்படிக் கேட்கக் கூடாது என்று அவளுக்கு ஒரு நம்பிக்கை. "வந்துருங்க" என்று மட்டும் சொன்னாள்.

செராஸ் ரோட்டில் ஒரு ரப்பர் தோட்டத்தில் உங்கள் மாமன் பால் வெட்டிக்கொண்டிருந்தான். அவளுடைய தம்பி. மலாய் நன்றாகப் பேசுவான். அவனையும் கூட்டிக்கொண்டு போவதாக ஏற்பாடு. நான் போய்ச் சேர்ந்தபோது சைக்கிளும் ஒரு சாக்குமாகத் தயாராக நின்றான். சாக்கில் இருந்து வந்த நாற்றம் பத்தடிக்கு முன்னாலேயே மூக்கைப் பிடித்தது.

"என்ன மாப்ளே இது?"

"ஒட்டுப்பால் மச்சான். மரத்துல காஞ்சு ஒட்டியிருக்குமே, அது. மழையில நனைஞ்சு நல்லா ஊறிப்போய்க் கிடக்கு."

"இதை எதுக்குடா மலைக்குத் தூக்கிட்டு வர?"

"போகும்போது இது வெறும் ஒட்டுப்பால். வரும்போது இதுக்குள்ள உங்க அரிசி. அரிசியைக் கையில வச்சுக்கிட்டு ஒன்பதாங்கட்டை ஜப்பான்காரன் முன்னால நிக்க எனக்கு ஆசை இல்ல மச்சான். எனக்கு இன்னும் கல்யாணம் ஆகல."

அந்தக் காலத்தில் சைக்கிளுக்கு டியூப் கிடையாது. டயருக்குள் கயிற்றைத் திரித்துத் திணித்து, இடைவெளியில் ரப்பர் பாலை ஊற்றி உறைய வைத்து, மேலே கம்பியால் சுற்றிக் கட்டுவார்கள். ஓட்டும்போது கம்பி முடிச்சு தரையில் படுகிற ஒவ்வொரு தடவையும் 'டக்' என்று முதுகெலும்பு வரை ஏறும். ரோடு நெடுக இரண்டு சைக்கிளும் 'டக், டக்' என்று பேசிக்கொண்டே வந்தன. ஈயம் தோண்டிய குட்டைகள் இரண்டு பக்கமும் கிடந்தன. வேலை நடக்கவில்லை. கப்பிகள் துருப்பிடித்து நின்றன.

ஒன்பதாவது மைலில், ஒன்பதாங்கட்டையில், ஜப்பான்காரனின் முள்கம்பித் தடுப்பு. சைக்கிளை விட்டு இறங்கி, இடுப்பு வரை குனிந்து, சிப்பாய் குரல் கொடுக்கும்வரை நிமிராமல் நிற்க வேண்டும். உப்பு டின்னை என் சட்டைக்குள் வயிற்றோடு கட்டியிருந்தேன். குனிந்தபோது டின்னின் விளிம்பு விலாவில் குத்தியது. சிப்பாய் சாக்கின் பக்கம் ஓரடி வைத்தான், நின்றான், மூக்கைச் சுருக்கினான், கையை வீசினான். போனோம்.

"பாத்தீங்களா?" என்றான் உங்கள் மாமன்.

"வரும்போது பாக்கலாம்" என்றேன்.

அங்கிருந்து மலையைப் பார்த்துப் பாதை ஏறியது. ஆறு ஒரு பக்கம், மூங்கில் ஒரு பக்கம். மிதித்து ஏற முடியாத இடத்தில் தள்ளினோம். ரோடு முடிகிற இடத்துக்கு மேல் ஒற்றையடிப் பாதைதான். சைக்கிளை விட்டுவிட்டுப் போகவும் முடியாது. திரும்பி வரும்போது சைக்கிள் இல்லை என்றால் நான் மறுநாள் பெயர் கூப்பிடும்போது இருக்க மாட்டேன். ஆகவே ஒருவர் காவலுக்கு நிற்க வேண்டும்.

"நான் போறேன் மச்சான், எனக்கு பாஷை தெரியும்" என்றான். ஆனால் முந்தின நாள் மரத்தடியில் கால் சறுக்கிக் கணுக்கால் வீங்கியிருந்தது. மிதித்து வந்துவிட்டான், நடந்தால் நொண்டினான். அந்தக் காலோடு மலை ஏறினால் சாயங்காலம் ஆகிவிடும். நான் டின்னோடு கிளம்பினேன்.

"பேச வரலைன்னா டின்னைத் திறந்து காட்டுங்க. உப்புக்கு எல்லா பாஷையும் தெரியும்" என்று முதுகுக்குப் பின்னால் கத்தினான்.

பாதை ஆற்றை இரண்டு தடவை குறுக்கே வெட்டியது. ஒரு தடவை விழுந்த மரத்தின் மேல் உட்கார்ந்து உட்கார்ந்து நகர்ந்தேன். தண்ணீரில் விழுந்தால் நான் நனைந்து போகலாம், உப்பு நனையக் கூடாது. டின்னைத் தலையில் வைத்துத் துண்டால் தாடையோடு கட்டிக்கொண்டேன். காலில் அட்டைகள் ஏறியதைப் பிறகுதான் பார்த்தேன். மேலே மலை முகட்டில் மேகம் கறுத்துக்கொண்டு வந்தது. வழி நெடுக ஒரு மனிதனையும் காணவில்லை. காட்டில் ஜப்பான்காரனை எதிர்க்கிற துப்பாக்கிக்காரர்கள் இருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டிருந்தேன். குச்சி ஒடிந்தால்கூட நின்றேன்.

மலாய்க் கிராமமான அந்தக் கம்பம் திடீரென்று வந்தது. கால் நட்ட, அத்தாப்பு ஓலை வேய்ந்த வீடுகள் ஐந்தாறு, மலைச் சரிவில். ஆம்பளை ஒருவரும் தெரியவில்லை. என்னைக் கண்டதும் ஜன்னல்கள் ஒவ்வொன்றாக மூடின. கடைசி வீட்டுப் படியில் மட்டும் ஒரு மலாய் அம்மாள் வெற்றிலை மென்றுகொண்டு உட்கார்ந்திருந்தார். நரைத்த தலை, வெளுத்த சாரோங். எழுந்து போகவில்லை.

எனக்குத் தெரிந்தது பாசாரில் மீன் வாங்கும் மலாய்தான். வயதான பெண்களை 'மாக்சிக்' என்று கூப்பிடத் தெரியும். "மாக்சிக், உப்பு இருக்கு. அரிசி வேணும்" என்று சொல்லி டின்னைத் திறந்து காட்டினேன்.

அவர் முகம் மாறியது. உப்பையே பார்த்தார். எச்சில் விழுங்கியது தொண்டையில் தெரிந்தது. படியிறங்கி வந்து, கடைசிப் படியில் நின்று, இரண்டு கையையும் சேர்த்து என் முன்னால் நீட்டினார்.

நான் குனிந்து டின்னை அவர் காலடியில் மண்ணில் வைத்தேன்.

யோசித்துச் செய்யவில்லை பிள்ளைகளே. இந்தக் காரியத்தில் சண்டை எதுவும் வந்துவிடக் கூடாது என்று கை தானாகச் செய்தது. வைத்துவிட்டு ஓரடி பின்வாங்கியும் நின்றேன், மரியாதையாக.

அவருடைய கைகள் அப்படியே நீட்டியபடி நின்றன. டின்னைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"மண்ணில் போடுவது கோழிக்கு" என்றார். அந்த அளவு மலாய் எனக்குப் புரிந்தது. "நான் உன் கோழியா?"

படியேறினார். உள்ளே போனார். கதவைச் சாத்தினார். உள்ளிருந்து கட்டையைக் குறுக்கே போடும் சத்தமும் கேட்டது.

"மாக்சிக்! பிள்ளைக்கு நோவு! மாக்சிக்!" தெரிந்த வார்த்தைகளையெல்லாம் கத்தினேன். கதவு திறக்கவில்லை. அடுத்த வீட்டின் முன் போய் நின்றேன். அங்கேயும் திறக்கவில்லை. அந்த அம்மாள் திறக்காத மனிதனுக்கு அந்தக் கம்பத்தில் யாரும் திறக்க மாட்டார்கள் என்று புரிந்தது. கீழே போய் உங்கள் மாமனைக் கூட்டி வரலாமா? இறங்கி ஏறினால் பொழுது போய்விடும். மேகம் பாதி வானத்தை மூடிவிட்டது. அந்த நேரத்தில் வீட்டில் உங்கள் அம்மா என்ன செய்துகொண்டிருப்பாள் என்று நினைத்தேன். பிள்ளையின் வாயில் துணியை நனைத்துத் தண்ணீர் பிழிந்துகொண்டிருப்பாள். பிழியப் பிழிய அது கடைவாயில் வழிந்துகொண்டிருக்கும்.

டின்னுக்குப் பக்கத்தில் மண்ணில் குந்தினேன். நான் என்ன தப்பு செய்தேன் என்றே முதலில் விளங்கவில்லை. அப்போதுதான் கூப்பன் கடை ஞாபகம் வந்தது. ஒரு நாள் அங்கே நின்ற சிப்பாய் என் கூப்பனைக் கையில் தராமல் என் காலடியில் எறிந்தான். நான் குனிந்து பொறுக்கும்வரை பார்த்துக்கொண்டே நின்றான். அன்றைக்கு நான் பட்டினியாகத் திரும்பி வந்ததைவிட, குனிந்ததுதான் பல நாள் நெஞ்சில் எரிந்தது. அந்தச் சிப்பாய் நின்ற இடத்தில் இப்போது நான் நிற்கிறேன்.

எழுந்தேன். டின்னின் அடிப்பக்கத்து மண்ணைச் சட்டையால் துடைத்தேன். உப்பை இரண்டு கையிலும் அள்ளிக்கொண்டு படியில் ஏறினேன். மூடிய கதவைப் பார்த்து, பாதி மலாயும் பாதி தமிழுமாகச் சத்தம் போட்டேன்.

"மாக்சிக்! எங்க வீட்டுல உப்பைக் கையில கொடுத்தா சண்டை வரும்னு சொல்வாங்க. உங்ககூட சண்டை வேணாம்னுதான் கீழ வச்சேன். கோழின்னு நினைச்சு வைக்கல. இந்தா, கையில வச்சிருக்கேன். வாங்கிக்குங்க. சண்டை வந்தா வரட்டும்."

உப்பு விரலிடுக்கில் சிந்தியது. பிறகு கட்டையை எடுக்கும் சத்தம். கதவு ஒரு சாண் திறந்தது.

"கையில் கொடுத்தால் சண்டை வருமா?"

"ஆமா மாக்சிக்."

"நீ கையில் கொடுக்காததால்தானே இப்போது சண்டை வந்தது!"

அவர் என் முகத்தைப் பார்த்தார். வெற்றிலைச் சிவப்பு வாய் கோணியது. சிரிப்பு. கதவை முழுக்கத் திறந்து, என் கைக்குக் கீழே தன் கைகளை ஏந்தினார். உப்பு அவர் உள்ளங்கையில் விழுந்தது, அதை உள்ளே கொட்டிவிட்டு வந்து டின்னையும் வாங்கிக்கொண்டார். படியில் சிந்தியிருந்த உப்புக் கல் ஒன்றையும் விடாமல் விரலால் ஒற்றி, தூசியோடு நாக்கில் வைத்துக் கண்ணை மூடினார். எவ்வளவு நாளாயிற்றோ தெரியவில்லை.

"பிள்ளை எவ்வளவு பெரிது?"

நான் கையால் உயரம் காட்டினேன். பிறகு வயிற்றைத் தொட்டுக் காட்டினேன். அவர் அதற்கு மேல் கேட்கவில்லை.

அரிசி வீட்டில் இல்லை, நெல்தான் இருந்தது. குத்த வேண்டும். வீட்டுக்குப் பின்னால் காலால் மிதிக்கும் உலக்கை. நீண்ட கட்டையின் ஒரு முனையை மிதித்தால் மறுமுனையில் இருக்கும் உலக்கை மேலே எழும், காலை எடுத்தால் குழியில் விழும். உரலுக்குள் பழைய சாக்குத் துணியைச் சுற்றியிருந்தார்.

"சத்தம் கேட்டால் அவர்களும் வருவார்கள், இவர்களும் வருவார்கள்" என்று கீழே ரோட்டையும் மேலே காட்டையும் காட்டினார். "மெதுவாக மிதி."

நான் மிதித்தேன், அவர் குழிக்குள் கைவிட்டு நெல்லைத் தள்ளிக் கொடுத்தார். பாதி நெல் உமி பிரிந்திருக்கும். அவர் சட்டென்று கையை உயர்த்தினார். அப்போது கட்டை என் காலுக்குக் கீழே, உலக்கை மேலே. காலை எடுத்தால் 'தொம்' என்று விழும். எடுக்காமல் அப்படியே மிதித்தபடி நின்றேன்.

ஆற்றுப் பக்கமிருந்து ஆண்களின் பேச்சு. என்ன பாஷை என்று பிரிபடவில்லை. இரும்பு ஒன்று கல்லில் இடிபடும் சத்தம் கேட்டது. அந்த அம்மாளின் கண் என் காலையே பார்த்துக்கொண்டிருந்தது. தொடை நடுங்க ஆரம்பித்தது, கட்டையும் சேர்ந்து நடுங்கியது. இரண்டு கையாலும் தொடையை அமுக்கிப் பிடித்துக்கொண்டேன். கால் விரலில் ஒட்டியிருந்த அட்டை கொழுத்துப்போய்த் தானாகக் கழன்று விழுந்ததைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பேச்சு மேலே ஏறியது, பக்கம் வந்தது, பிறகு மெல்ல மெல்ல மலையின் அந்தப் பக்கம் போய்விட்டது. அவர்கள் யாரென்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

அவர் தலையாட்டிய பிறகுதான் காலை எடுத்தேன். அவரே உலக்கையைக் கையால் தாங்கிச் சத்தமில்லாமல் இறக்கினார்.

புடைத்த அரிசியை ஒரு மூங்கில் குழாயில் போட்டு, வாயை இலையால் அடைத்து நாரால் கட்டினார். நான் கையை நீட்டினேன். அவர் கொடுக்காமல் குழாயை என் காலடியில் வைப்பதுபோல் குனிந்தார். பிறகு நிமிர்ந்து, "போ, போ, மழை வருது" என்று சிரித்துக்கொண்டே என் இரண்டு கையிலும் வைத்தார். ஜப்பான்காரன் சண்டை முடிந்து போன பிறகு ஒருமுறை அந்தக் கம்பத்தைத் தேடிப் போனேன். வீடுகள் இல்லை. எங்கே போனார்கள் என்று சொல்லவும் அங்கே ஆளில்லை.

இறங்கும்போது மழை பிடித்துக்கொண்டது. பாதி வழி சறுக்கியே வந்தேன். உங்கள் மாமன் மூங்கில் புதருக்குள் சைக்கிள்களைக் கட்டிப்பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"என்ன மச்சான், பொண்ணு பாத்துட்டு வரீங்களா? பொழுது போயிருச்சு!"

"பேசாம சாக்கை அவுடா."

ஒட்டுப்பாலின் நடுவில் குழாயைப் புதைத்துச் சுற்றிலும் அமுக்கினோம். சாக்கை என் சைக்கிளில் கட்டினோம். இறக்கத்தில் பிரேக் கட்டைகள் ஈரத்தில் பிடிக்கவில்லை. செருப்பை டயரில் தேய்த்துத் தேய்த்துத்தான் வேகத்தைக் குறைத்தேன்.

ஒன்பதாங்கட்டையில் காவல் மாறியிருந்தது. காலையில் பார்த்தவன் இல்லை. இறங்கினோம், குனிந்தோம். குனிந்தால் பூட்ஸ்தான் தெரியும். அந்தப் பூட்ஸ் என் சைக்கிளைச் சுற்றி நடந்தது. சாக்கின் பக்கம் நின்றது. இவனுக்கு நாற்றம் உறைக்கவில்லை. ஏதோ கேட்டான்.

"கெத்தா, துவான். கெத்தா பூசோக்" என்றான் உங்கள் மாமன். நாறிப்போன ரப்பர் என்று அர்த்தம்.

துப்பாக்கி முனைக் கத்தி சாக்குக்குள் இறங்கும் சத்தம் கேட்டது. அதோடு ஒரு சின்ன 'கிரீச்', மூங்கில் விரிசல் விடும் சத்தம். எனக்கு மட்டும்தான் கேட்டதோ, எல்லோருக்கும் கேட்டதோ. கண்ணை மூடிக்கொண்டேன்.

கத்தி திரும்பி வரவில்லை. ஊறிய ஒட்டுப்பால் அதைக் கவ்விக்கொண்டது. அவன் இழுத்தான். சாக்கும் சைக்கிளும் சேர்ந்து வந்தன. இன்னொருமுறை இழுத்தான். சாக்கின் மேல் பூட்ஸ் காலை வைத்து உதைத்து இழுத்தபோதுதான் கத்தி வந்தது, நூல் நூலாகக் கறுப்புப் பால் ஒட்டிக்கொண்டு. அவன் தன் கத்தியைப் பார்த்தான், கையில் ஒட்டியதைப் பார்த்தான், முகர்ந்தான். அடுத்த நொடி என் காதோரம் இடி விழுந்ததுபோல் ஓர் அறை. தடுமாறி மறுபடியும் குனிந்தேன். அவன் கத்தியது புரியவில்லை. "போகச் சொல்றான், போகச் சொல்றான்" என்று உங்கள் மாமன் என் சட்டையைப் பிடித்து இழுத்தான்.

ரோடு வளைந்து மறைந்த பிறகு சாக்கைப் பிரித்துப் பார்த்தோம். குழாயின் ஒரு பக்கம் பிளந்து கொஞ்சம் அரிசி பாலோடு ஒட்டிப் போயிருந்தது. மிச்சம் இருந்தது. உங்கள் மாமன் என் வீங்கிய கன்னத்தைப் பார்த்து, "நல்லவேளை மச்சான், அடி உங்களுக்கு. எனக்குன்னா எந்தப் பொண்ணு கட்டிக்கும்?" என்றான். சொல்லிவிட்டு முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டான்.

விளக்கு வைக்கும் நேரத்துக்கு வீடு வந்தேன். உங்கள் அம்மா அதே வாசலில், அதே தோளில் பிள்ளையோடு நின்றாள். பிள்ளை இப்போது அழவில்லை. அழாததுதான் எனக்குப் பயமாக இருந்தது.

அரிசியைக் கழுவிக் கழுவிப் பால் நாற்றத்தை எடுத்தாள். லேசாக வறுத்து, நுணுக்கி, நிறையத் தண்ணீர் விட்டுக் காய்ச்சினாள். கஞ்சி கொதித்து இறக்கும்போது உப்புப் பானைக்குள் கைவிட்டாள். வெறும் பானை. பாய் கொடுத்த உப்பெல்லாம் மலைக்குப் போய்விட்டது. அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். என் சட்டை மடிப்பில் டின்னில் இருந்து சிந்திய உப்பு, மழையில் கரைந்தது போக, கொஞ்சம் ஈரத்தோடு ஒட்டியிருந்தது. அதைச் சுரண்டி எடுத்தேன்.

அவள் ஒரு கையில் பிள்ளையைப் பிடித்துக்கொண்டு மறு கையை நீட்டினாள். பிறகு நினைவு வந்து, "அங்க தட்டுல வைங்க" என்றாள்.

"பரவாயில்ல, கையில பிடி."

"சண்டை வரும்ங்க."

"வந்து முடிஞ்சிருச்சு. பிடி."

அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனால் வாங்கிக்கொண்டாள்.

ஆறவைத்து, விரலில் தொட்டுத் தொட்டுப் பிள்ளையின் நாக்கில் வைத்தாள். முதலில் வழிந்தது. பிறகு தொண்டை அசைந்தது. இரண்டு பேரும் மூச்சு விடாமல் உட்கார்ந்திருந்தோம், இப்போது வெளியே வரும், இப்போது வெளியே வரும் என்று. வரவில்லை. இன்னும் கொஞ்சம் கொடுத்தாள். அதுவும் தங்கியது. "போதும், ஒரேடியா வேணாம்" என்று கிண்ணத்தை நகர்த்தி வைத்தாள்.

கிண்ணம் நகர்ந்ததைப் பிள்ளையின் கண் பார்த்தது. உதடு பிதுங்கியது. பிறகு குவார்ட்டர்ஸ் வரிசைக்கே கேட்கிற மாதிரி வீறிட்டு அழுதாள்.

உங்கள் அம்மா பிள்ளையின் நனைந்த கன்னத்தை விரலால் தொட்டாள். அந்த விரலை நாக்கில் வைத்துப் பார்த்தாள்.

"கரிக்குதுங்க" என்றாள்.